தகட்டில் எட்டு ஓட்டைகள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும்.

1. பழனிசெட்டிபட்டியில் எங்கள் மோட்டார் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பழைய பஞ்சுக் கிட்டங்கியில், அண்ணன் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைக் கட்டினான்.

2. அதன் எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத் தகட்டுக்கும், தகட்டின்மேல் போர்த்தும் வெப்பம் தாங்கும் கம்பளிக்கும் பொருள் தேர்ந்தெடுத்தது நான்.

3. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பட்டறையில் இருந்த மற்ற எஞ்சின்களைப் போலவே விமானத்தின் எஞ்சினையும் டீசல் அடித்துக் கழுவினார்கள்.

4. பூஜை முடிந்த பிறகு எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, எஞ்சினைப் போர்த்தியிருக்கும் மூடிக்குள் தீப்பிடித்தது.

5. தகடு தாங்கியது. தகட்டில் கேபிள் போகும் ஓட்டை ஒன்று தாங்கவில்லை. அதன் வழியே வந்த தீ அண்ணனின் இடது கையைச் சுட்டது.

6. கை ஆறுவதற்குள், அதே தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பறக்க அண்ணன் முடிவு செய்தான்.

ஏழாவதாக நடந்தது என் கையால் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் மற்றவற்றை விரித்து எழுத வேண்டும்.

எங்கள் பட்டறை கம்பம் சாலையில் இருக்கிறது. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது, டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டுவது, போடி மெட்டுக்கு மேலே இருந்து வரும் ஏலத்தோட்டத்து மருந்தடிக்கும் மிஷின்களைப் பழுது பார்ப்பது, இவைதான் வேலை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்துகிறான். அம்மா உதிரிபாகக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள். நான் உலோகவியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் தொழிற்சாலை உலைகளுக்கு உள்சுவர் கட்டிக்கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன்.

அண்ணன் வெளியூர் போய்ப் பறக்கக் கற்று உரிமம் வாங்கி வந்தவன். சொந்தமாக விமானம் வாங்குவது நடக்காது என்று தெரிந்ததும், வரைபடம் வாங்கித் தானே கட்டத் தொடங்கினான். கிட்டங்கியின் கதவு வழியே இறக்கையின் எலும்புகள் தெரிய ஆரம்பித்ததிலிருந்து எதிர்த்த டீக்கடைக்காரர் அவனை விடுவதில்லை.

“என்னய்யா, கொடைக்கானலுக்கு எப்ப டிக்கெட்டு? எனக்கு ஒரு சன்னல் சீட்டு போட்டு வையி.”

“ஒங்க எடைக்கு ரெண்டு சீட்டு எடுக்கணும்ணே. மொதல்ல பஜ்ஜிய நிறுத்துங்க, பெறகு பாப்போம்.”

எஞ்சின் வந்து இறங்கியதும் அண்ணன் எனக்குப் போன் செய்தான். “பாப்பா, உலையில இருந்து தீ வெளிய வராமப் பாத்துக்கிறதுதான ஒன் வேலை? எங்கிட்டயும் ஒரு உலை இருக்கு. மூக்குல மாட்டிக்கிட்டுப் பறக்கப் போறேன். அதுக்கு ஒரு வழி சொல்லு.”

அவன் கேட்டது சரியான கேள்வி. கட்டடத்தில் தீப்பிடித்தால் வெளியே ஓடலாம். லாரியில் தீப்பிடித்தால் ஓரங்கட்டி இறங்கலாம். விமானத்தில் ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால்தான் எஞ்சின். தீப்பிடித்தால் பெட்ரோலை அடைத்துவிட்டு, இறங்க ஓர் இடம் தேடி, தரையைத் தொடும்வரை அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை தகடு தாங்க வேண்டும். தடுப்புத் தகட்டின் முழு வேலையும் அவ்வளவுதான்.

விடுமுறையில் வந்தபோது பட்டறையின் பின்வாசலில் இரண்டு ஹாலோ பிளாக் கற்களை நிறுத்தி, செம்புக் குழாய் பற்றவைக்கும் கேஸ் பர்னரைக் கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சுட்டுப் பார்த்தோம். அலுமினியத் தகடு ஒன்றும் ஆகாததுபோல நின்றுகொண்டே இருந்து, நிறம் மாறாமலே சட்டென்று தொய்ந்து விழுந்தது. போடியில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்குழாய்க்குச் சுற்றுகிற கண்ணாடிப் பஞ்சு சுருங்கி, கொட்டைப்பாக்கு அளவு ஆனது. அண்ணன் காலடியில் ஒட்ட விரும்பிய கார் விரிப்பு, தகட்டின் இந்தப் பக்கம் இருந்தபோதே பசை கருகிக் கண் எரியப் புகைந்தது. கடைசியில் எவர்சில்வர் தகடும், எஞ்சின் பக்கம் அதன்மேல் செராமிக் கம்பளியும், கம்பளி நனையாமல் இருக்க அதற்கும் மேல் தாள் போன்ற மெல்லிய எவர்சில்வர் உறையும் வைத்துச் சுட்டோம். முன்பக்கம் செக்கச் சிவந்தது. பின்பக்கத்தில் ஒட்டிவைத்த தாள் பழுப்பானதோடு சரி.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “எவர்சில்வரா? அப்ப பறக்காட்டியும் கொழம்பாவது வைக்கலாம்.”

அன்று மூவரும் சிரித்தோம். நான் கோயம்புத்தூர் திரும்பினேன். தகட்டை வெட்டி, மடித்து, பொருத்தியது அண்ணன். எதிலும் குறை சொல்ல முடியாத வேலைக்காரன். எஞ்சினுக்குப் போகும் கேபிள்களும் ஒயர்களும் குழாய்களும் தகட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதற்கு எட்டு ஓட்டைகள் போட்டான். ஒவ்வொன்றிலும், ஒயரின் தோல் அறுபடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போட்டான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் பத்து வயதிலிருந்து போட்ட வளையம் அது. தகட்டில் ஒயர் நுழைந்தால் ரப்பர் வளையம் என்பது அவன் யோசித்துச் செய்வதல்ல. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி, கை தானாகப் போகும்.

டீசலும் அப்படித்தான். எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எஞ்சின் எதுவும் அழுக்காக நிற்கக் கூடாது. கம்பரஸர் துப்பாக்கியில் டீசல் நிரப்பி மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பளபளவென்று ஆக்கிய பிறகுதான் சந்தனம். விமானத்தை மட்டும் விட்டுவிட அம்மாவுக்கு மனசில்லை. “எல்லாப் பிள்ளையும் குளிச்சு நிக்குது. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அவள் சொல்ல, அண்ணன் துப்பாக்கியை எடுத்திருக்கிறான். பூஜையன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது மூடி பூட்டி, மூக்கில் மாலை போட்டு, மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டீசல் வாடை இருந்தது. எங்கள் பட்டறையில் அது இல்லாத நாள் கிடையாது.

அந்த அழுத்தத்தில் பீய்ச்சிய டீசல், உறையின் ஓரங்கள் வழியாகக் கம்பளிக்குள் இறங்கியிருந்தது. வெளியே உறை கண்ணாடிபோல மின்னியது. செராமிக் கம்பளி எரியாது. ஆனால் குடிக்கும். அகல் விளக்கின் திரி எண்ணெயைக் குடித்துத் தீக்கு ஏந்திக் கொடுப்பதுபோலக் கொடுக்கும்.

எஞ்சினை ஓட்டிப் பார்த்த காலையில் அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் இறக்கைக்குப் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றேன். எஞ்சின் நன்றாகப் பிடித்தது. சத்தம் கேட்டு டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மூடியின் கீழ் விளிம்பில் வெள்ளையாகப் புகை வந்தபோது அண்ணன் கட்டைவிரலைக் காட்டினான். புது எஞ்சினில் ஒட்டியிருக்கும் எண்ணெய் முதலில் கருகத்தான் செய்யும். பிறகு புகை மஞ்சளானது. நான் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். அவன் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் த்ராட்டிலை இழுக்க இடது கையை நீட்டினான். த்ராட்டில் கேபிள் தகட்டைத் தாண்டி வருகிற இடம் அவன் மணிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே ரப்பர் வளையம் உருகி ஒழுகிவிட்டிருந்தது. முன்னால் சுற்றும் விசிறியின் காற்று மூடிக்குள் இருந்த தீயை அந்த ஓட்டை வழியாக ஊதித் தள்ளியது. பெருவிரல் பருமன் ஓட்டை. அதிலிருந்து முழங்கை நீளத்துக்குத் தீ வந்தது.

சிலிண்டரை மூடிக்குள் காலி செய்தேன். டீக்கடைக்காரர்தான் அண்ணனைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தார். அவர் அதற்குப் பிறகு டிக்கெட் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் காரணம் கண்டுபிடித்துவிட்டான். “டீசல், பாப்பா. கழுவியிருக்கவே கூடாது. அம்புட்டுத்தான். இனிமே கழுவ மாட்டோம், முடிஞ்சுபோச்சு.”

எனக்கு அதோடு முடியவில்லை. டீசல், தீ பிடித்ததற்குக் காரணம். கை வெந்ததற்குக் காரணம் ஓட்டை. நாளைக்கு ஒரு பெட்ரோல் குழாய் விரிசல் விட்டாலும், புகைபோக்கி உடைந்தாலும் தீ வரும். வந்தால் எட்டு வாசல் திறந்திருக்கிறது. இதை அவனிடம் எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். மழைக்காலம் முழுவதும் ஒற்றைக் கையால் கருகியதை எல்லாம் பிரித்தான். நான் கொடுத்த புதுக் கம்பளியைப் போர்த்தி, ஓரங்களை நன்றாக மடித்து அடைத்தான். பொங்கலுக்கு நான் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினான்.

“எப்படி இருக்கு?”

கம்பளி நன்றாக இருந்தது. த்ராட்டில் கேபிள் ஓட்டையில் புத்தம்புது ரப்பர் வளையம் இருந்தது.

“அண்ணே, மறுபடியும் ரப்பரா?”

“பழசு உருகிப்போச்சுல்ல. புதுசு போட்டுட்டேன்.”

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நான் பர்னரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

அதே ஹாலோ பிளாக், அதே பர்னர். இந்த முறை ஒரு துண்டு எவர்சில்வர் தகட்டில் ஓட்டை போட்டு, அவன் கையாலேயே ரப்பர் வளையமும் கேபிளும் பொருத்தச் செய்து சுட்டேன். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா டீ எடுத்து வருவதற்குள் வளையம் ஒழுகி, இந்தப் பக்கம் தீ நாக்கை நீட்டியது. அண்ணன் தன் கட்டுப்போட்ட கையை அறியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அம்மாவும் அதைப் பார்த்தாள்.

“வீரபாண்டியில தீச்சட்டி எடுக்கிறவளே, சட்டிக்கும் கைக்கும் நடுவுல ரெண்டு கொத்து வேப்பிலை வைக்கிறா. நீ என்னலே வச்சிருக்க நடுவுல?” என்றாள்.

அவன் சொன்னது: “இதெல்லாம் தீப்பிடிச்சாத்தான. பிடிக்காதும்மா.”

தேவை என்ன என்று எனக்குத் தெரியும். கேபிள் போகும் ஓட்டைகளுக்கு எஃகில் கடைந்த, இரண்டாகப் பிரிந்து கேபிளைக் கவ்விப் பிடிக்கும் குமிழ்கள். ஒயர்க் கட்டுக்கு எஃகுக் குழல், அதன்மேல் தீத்தாங்கும் உறை. பெட்ரோல் குழாய்க்கு எஃகு இணைப்பு. எல்லா விளிம்பிலும் சூட்டில் இளகாத அடைப்புப் பசை. தேனியில் லேத்துக்காரர் கடைந்து தருகிறேன் என்றார், ஆனால் கையில் இருக்கும் வேலை முடிய வேண்டும் என்றார். பசை எங்கள் நிறுவனத்துக்கு வருவது உலைக்கானது. இயந்திரத்தின் அதிர்வில் உதிர்ந்துவிடும். வேறு பசை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எப்படிப் போட்டாலும் சித்திரை தாண்டிவிடும்.

சித்திரை தாண்டக் கூடாது என்பதுதான் சிக்கல். ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குப் போகிற பக்கம் ஒருவருடைய தரிசு நிலத்தை அண்ணன் கல் பொறுக்கி, உருளை ஓட்டி, ஓடுபாதையாக ஆக்கி வைத்திருந்தான். பள்ளத்தாக்கில் அப்படி நீளமாக, மின்கம்பி குறுக்கே போகாமல் கிடக்கிற நிலம் அது ஒன்றுதான். அதில் சோலார் தகடு பதிக்க ஆட்கள் வந்து அளந்து, கல் நட்டுப் போயிருந்தார்கள். நிலத்துக்காரர் நல்லவர். “தம்பி, நான் வாக்குக் குடுத்துட்டேன். பங்குனிக்குள்ள ஒருதடவ ஏத்தி எறக்கிக்கிருங்க. பெறகு எங்கையில இல்ல,” என்று சொல்லியிருந்தார். அதையும் விட்டால் வைகாசியில் மேற்கிலிருந்து காற்று இறங்கிவிடும். மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகளுக்கே பிரேக் போட வைக்கிற காற்று.

பறக்க அனுமதி தருவதற்கான ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முன்னால் ஒரே ஒருமுறை, நேராக ஓட்டி, தரையைவிட்டு எழுப்பி, அதே நேர்கோட்டில் இறக்கிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தான். எனக்குச் சொல்லவில்லை. விமானத்தை ஆண்டிபட்டிக்கு ஏற்றிப் போக அவன் பேசியிருந்த லாரிக்காரர் இறக்கையை எப்படிக் கட்டுவது என்று கேட்டு அம்மாவுக்குப் போன் செய்ததில் தெரிந்தது. அம்மா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. “ஏத்தா, வெள்ளிக்கிழமையாம். நீ கெளம்பி வா. நான் சொன்னா அவன் கேக்குற வயசத் தாண்டிட்டான்.”

வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்தேன். அவனோடு பேசியதை இங்கே எழுதுவதில் பயனில்லை. இரண்டு பேரும் முன்பு சொன்னதையே சத்தம் கூட்டிச் சொன்னோம். கடைசியில் அவன் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

“ஏழு வருசமா நான் கட்டுனது தரையிலயே கெடக்கணுமா? ஒரு தடவ, பாப்பா. ஒரு ஆள் ஒசரம் எந்திரிச்சா போதும்.”

“ஒரு ஆள் ஒசரத்துல தீப்பிடிச்சா கேபிள எந்தக் கையால இழுப்ப? அந்தக் கை மூடுதா?”

அவன் இடது கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து மூடிக் காட்டினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றன. தோல் வெளுத்து இழுத்தது. வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குக் கிளம்பிப் போனான். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண்மணிக்கு மட்டும் அவன் பயப்படுவான், ஒருநாள்கூடத் தவறியதில்லை.

நான் கிட்டங்கிக்குப் போனேன். செய்தவை:

பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பெட்ரோலை முழுவதும் கேனில் இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தேன். மூடியைப் பிரித்தேன். கேபிள்களையும் குழாயையும் ஒயர்க் கட்டையும் அடையாளம் ஒட்டிக் கழற்றி உருவினேன். எட்டு ரப்பர் வளையங்களையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டேன். லேத்துக்காரரிடம் கொடுத்திருந்த அளவுக்கு, ஒவ்வொரு ஓட்டையையும் டிரில்லால் பெரிதாக்கினேன்.

ஓட்டையைப் பெரிதாக்கலாம். சிறிதாக்க முடியாது. எஃகுக் குமிழ் வந்தால் கச்சிதமாக உட்காரும். அது வரும்வரை எந்த ரப்பர் வளையமும் அதில் நிற்காது, கேபிள் ஆடும், விமானம் நகராது. எவர்சில்வரில் டிரில் எளிதில் இறங்காது. அழுத்தி, மெதுவாக, எண்ணெய் விட்டு விட்டுப் போட வேண்டும். ஆறாவது ஓட்டையின்போது நான் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். என்னவென்று கவனித்துக் கேட்டேன். “வேண்டாம், வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொன்னேனா, என்னிடமா என்று தெரியவில்லை. நிறுத்தாமல் மற்ற இரண்டையும் போட்டேன்.

அண்ணன் வந்தபோது நான் இரும்புத் தூளைத் துணியால் கூட்டிக்கொண்டிருந்தேன். மூடி தரையில் இருப்பதைப் பார்த்தான். குனிந்து எஞ்சினுக்குப் பின்னால் பார்த்தான்.

“எத்தன?”

“எட்டும்.”

“த்ராட்டில்?”

“மொதல்ல அதத்தான்.”

பெருவிரலை அந்த ஓட்டையில் விட்டுச் சுற்றிப் பார்த்தான். விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அது. இருந்திருக்காது; நான் அரம் போட்டிருந்தேன்.

“நெலம் போயிருச்சுன்னா இது வெறும் தகரம். தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சா செஞ்ச?”

“தெரிஞ்சுதான்ணே செஞ்சேன்.”

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். சின்ன வயதிலும் அடித்ததில்லை. ஆனாலும் நினைத்தேன். அவன் ரப்பர் வளையங்கள் இருந்த டப்பாவைக் கையில் எடுத்து, உதிரிபாக அலமாரியில் அதற்குரிய இடத்தில் வைத்தான். வாசலில் நின்று லாரிக்காரருக்குப் போன் செய்தான். “வண்டி வேணாம்ணே. இல்லண்ணே, தள்ளிப் போடல. வேணாம்.” அதன்பின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மா சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. “செத்தவன் வீடு மாதிரி இருக்கு,” என்றாள் அம்மா. உடனே தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

இன்றைய நிலை இது. ஆண்டிபட்டி நிலத்தில் சோலாருக்கு இரும்புக் கால்கள் நட்டாகிவிட்டது, ஓடுபாதை இல்லை. வேறு நிலம் கிடைக்கவில்லை. மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. எஃகுக் குமிழ்களில் ஐந்து கடைந்து வந்து ஓட்டைகளில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று ஓட்டைகள் திறந்திருக்கின்றன. பசை வரவில்லை. அண்ணனின் சுண்டுவிரல் மூடவில்லை. அவன் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான், கிட்டங்கிக்குள் போவதில்லை. என்னோடு பேசுவதில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமானால் நான் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் “அவகிட்ட சொல்லுங்க” என்கிறான். அவன் உயிரோடு இருக்கிறான்.